சிவப்பு மூத்திரமா? ஊசிக்கு முன் சோதனை செய்!



மாடு சிவப்பாக மூத்திரம் பெய்தால் "சூடு" என்பார்கள். ஆனால் காரணம் ஒன்றல்ல. உண்ணிக்காய்ச்சலிலும் வரும். ஈன்ற எருமைக்கு பாஸ்பரஸ் சத்து குறைஞ்சாலும் வரும். எலிக்காய்ச்சல் கிருமி கல்லீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கினாலும் வரும். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

எலிக்காய்ச்சல் கண்ட கன்றுக்குக் காய்ச்சலடிக்கும். கண்ணும் ஈறும் மஞ்சளாகும். கறவையில் பால் திடீரென்று வற்றும். மடி வீங்காமலே பாலில் ரத்தம் வரும். சினைமாடு கன்று வீசும். புருசெல்லோசிஸிலும் கன்று வீசுமே! ஆகவே கண்ணால் பார்த்து மட்டும் முடிவு கட்ட முடியாது.

ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் உண்ணிக்காய்ச்சல் அன்றைக்கே தெரியும். எலிக்காய்ச்சலுக்கு 2, 3 வார இடைவெளியில் இருமுறை ரத்தம் எடுத்து ஒப்பிட வேண்டும். முதல் ரத்தமும் மூத்திரமும் ஆன்டிபயாடிக் ஊசிக்கு முன்பே எடுக்கணும். எடுத்ததும் வைத்தியம் தொடங்கணும். முடிவு வரும்வரை மாடு காத்திருக்காது.

மூத்திரத்தையும் வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாதீர்! கைப்புண் வழியே நமக்கும் தொற்றும்.

நாம் கேட்பது சலுகை அல்ல:

1. ஒவ்வொரு கால்நடை மருந்தகத்திலும் மைக்ராஸ்கோப்பும், பார்க்க ஆளும் வேண்டும்.
2. மாதிரியை ஆய்வகம் சேர்ப்பது துறையின் பொறுப்பு. பஸ் காசு நம் மடியிலிருந்தா?
3. முடிவை எழுத்தில் கொடு!

ஒரு கறவை போனால் ஒரு குடும்பத்தின் அடுப்பு அணையும். அடுத்த கிராம சபையில் தீர்மானம் போடுவோம். திரண்டு வாரீர்!