வாக்கியத்தின் தலை யாருக்குச் சொந்தம்?

தமிழுக்கு இல்லாத தலையிடி ஒன்று ஆங்கிலத்துக்கு உண்டு. நமது எழுத்துக்களில் பெரியது, சிறியது என்ற பேதம் இல்லை. ஆங்கிலத்திலோ வாக்கியத்தின் முதலெழுத்து பேரெழுத்தாக இருந்தாக வேண்டும். நாம் கப்பிட்டல் என்போமே, அதுதான். அவ்விதி தங்களுக்கு இல்லை என்று சில வணிக நிறுவனங்கள் கருதத் தொடங்கிப் பல ஆண்டுகளாகிவிட்டன.

ஈபே, ஐபோன் ஆகிய பெயர்கள் சிற்றெழுத்தில் தொடங்குபவை. செய்தியொன்று இப்பெயரோடு ஆரம்பமானால் என்ன செய்வது? அசோசியேட்டட் பிரஸ்ஸின் நடைக் கையேடு ஈபேயின் முதலெழுத்தை அங்கே பேரெழுத்தாக்கச் சொல்கிறது. சிக்காகோ கையேடோ 2010இல் வெளிவந்த 16ஆம் பதிப்பில் தனது பழைய நிலையைக் கைவிட்டு, இத்தகைய வணிகப் பெயர்களை அப்படியே விடச் சொன்னது. இரண்டாவதாகவேனும் ஒரு பேரெழுத்து இருக்கிறதாம்!

இதைச் சரணாகதி என்பேன். பேரெழுத்து எதற்காக? புதிய வாக்கியம் தொடங்குகிறது என்று வாசகருக்கு உணர்த்துவதற்காக. அந்த இடம் வாக்கியத்துக்குச் சொந்தம், பெயருக்கு அன்று. பிரான்சின் சார்ள்ஸ் டி கோல் பெயரிலுள்ள 'டி' வாக்கிய நடுவில் சிற்றெழுத்து. குடும்பப் பெயர் மட்டும் வாக்கியத்தின் தலையில் வந்தால் பேரெழுத்து. அதனால் அந்த ஜனாதிபதியின் மதிப்புக் குறைந்துவிடவில்லை.

கடினமான வினா வேறு. கறுப்பினப் பெண்ணியச் சிந்தனையாளர் பெல் ஹூக்ஸ் (1952–2021), குளோரியா ஜீன் வொட்கின்ஸ் என்ற இயற்பெயரை விடுத்துக் கொள்ளுப்பாட்டியின் பெயரைச் சூடினார். தன்னைவிடத் தன் நூல்களின் கருத்தே கவனம்பெற வேண்டும் என்பதற்காக அதனைச் சிற்றெழுத்தில் எழுதினார். அது விளம்பர உத்தியன்று. வாக்கிய நடுவில் அதை மதித்தே ஆகவேண்டும். ஆனால் வாக்கியத்தின் தலையில் சிற்றெழுத்து அச்சுப்பிழைபோல் துருத்தி நிற்கும். வாசகரின் கண் கருத்தை விட்டுப் பெயரில் இடறும். அவர் விரும்பியதற்கு இது நேர்மாறானது. இயன்றால் வாக்கியத்தை மாற்றி எழுதலாம். இயலாதவிடத்துப் பேரெழுத்தே முறை.

மரியாதை என்று எண்ணிச் செய்வதெல்லாம் மரியாதையாகிவிடாது. அமெரிக்கக் கவிஞர் ஈ. ஈ. கம்மிங்ஸின் (1894–1962) பெயரைச் சிற்றெழுத்தில் அச்சிடுவோர் இன்றும் உளர். அவரோ பெரும்பாலும் பேரெழுத்துக்களிலேயே கையொப்பமிட்டவர்.

சிந்தனையாளருக்காக வாக்கியத்தை மாற்றுவது பண்பு. கைப்பேசி விற்பவருக்காக இலக்கணத்தை மாற்றுவது அடிமைத்தனம். விளம்பரத்தில் அவர்கள் விரும்பியவாறு அச்சிடட்டும். அந்த இடத்துக்குப் பணம் கொடுக்கிறார்கள். செய்திப் பத்தியை யாரும் விலைக்கு வாங்கவில்லை. இன்று ஓர் எழுத்தை விட்டுக்கொடுக்கும் ஆசிரிய பீடம், நாளை எதை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று சொல்லும்?