ஃபார்மேட் செய்யவா? கொஞ்சம் பொறு நண்பா!



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, "நாளைய உலகம் இளைஞர் கையில்" என்று ஏதாவது எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் மனசுக்குள்ள ஒரு விஷயம் ஆறு மாசமா உறுத்திக்கிட்டே இருக்கு. அதை இங்கே இறக்கி வைக்கிறேன்.

நாம் டிப்ளமோ படிக்கிறோம் என்று தெருவில் தெரிந்துவிட்டால் போதும். மிக்சி ஓடவில்லையா, டிவியில் படம் வரவில்லையா, "பாலிடெக்னிக்தானே படிக்கிற, கொஞ்சம் பாரேன்" என்று வந்துவிடுவார்கள். சிவில் படிக்கிற என் நண்பனையே விடுவதில்லை! எலக்ட்ரானிக்ஸ் மூன்றாம் ஆண்டு என்றால் சொல்லவே வேண்டாம். எனக்கும் அதில் உள்ளூர ஒரு பெருமை உண்டு.

அப்படித்தான் எதிர்வீட்டு அக்கா வந்தார். அவருடைய வளைகாப்புக்கு அண்ணனின் கேமராவில் 400க்கு மேல் போட்டோ எடுத்திருந்தார்கள், இரண்டு வீடியோவும் உண்டு. விழா முடிந்த அடுத்த மாதமே அக்காவின் அம்மா தவறிவிட்டார். அந்த அம்மா கடைசியாகச் சிரித்த முகத்தோடு இருந்தது அந்த 64 ஜிபி மெமரி கார்டில்தான். பெரிய திரையில் பார்க்க ஆசைப்பட்டு, கார்டு ரீடரில் போட்டு டேப்லெட்டில் செருகியிருக்கிறார். படம் வரவில்லை. கார்டில் பிரச்சினை, ஃபார்மேட் செய்யவா என்று மட்டும் கேட்கிறது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "சின்ன விஷயம்க்கா" என்று சொல்லி ஓகேயை அழுத்தினேன். எல்லாம் அழிந்துவிடும் என்று அது எச்சரித்ததைப் படிக்கக்கூட இல்லை. கார்டு திறந்தது! வேலை செய்கிறதா என்று பார்க்க, அதையே கேமராவில் போட்டு ஏழெட்டுப் படம் வேறு எடுத்தேன். அதுவும் டேப்லெட்டில் வந்தது. ஐந்து நிமிஷம் நான்தான் ஹீரோ.

"சரிடா தம்பி, எங்க போட்டோ எங்கே?" என்று அக்கா கேட்டார்.

நண்பர்களே, அந்தக் கேள்விக்கு நான் அன்று பதில் சொல்லவில்லை. இன்று உங்களிடம் சொல்கிறேன். அந்தக் கார்டு கெட்டுப் போகவே இல்லை! "எனக்கு இதைப் படிக்கத் தெரியவில்லை" என்பதைத்தான் டேப்லெட் "கார்டில் பிரச்சினை" என்று சொன்னது. தமிழ் தெரியாத ஒருவர் கையில் கடிதத்தைக் கொடுத்தால், கடிதத்தில் தப்பு என்று கிழித்துப் போடலாமா? நான் கிழித்துப் போட்டேன்.

விஷயம் இதுதான். 32 ஜிபி வரையுள்ள எஸ்டிஎச்சி கார்டுகளில் தகவல் ஃபேட்32 என்ற முறையில் அடுக்கப்பட்டிருக்கும். அதற்கு மேற்பட்ட எஸ்டிஎக்ஸ்சி கார்டுகள் 2009-இல் அறிவிக்கப்பட்டபோது எக்ஸ்ஃபேட் என்ற வேறு முறை வந்தது. ஃபேட்32-இல் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது, நீளமான வீடியோவுக்குப் போதாது. எக்ஸ்ஃபேட்டோ மைக்ரோசாஃப்ட்டின் சொத்து. 2019-இல்தான் அந்த நிறுவனம் அதன் விவரங்களை வெளியிட்டு, லினக்ஸில் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்தது. ஆண்ட்ராய்டின் அடித்தளம் லினக்ஸ் என்பது நமக்குத் தெரியும். ஆகவே பழைய மலிவு விலை டேப்லெட்கள் பலவற்றுக்கு எக்ஸ்ஃபேட் புரியாது. அதே கார்டை நம் லேப் கம்ப்யூட்டரில் போட்டிருந்தால் ஒரு நொடியில் திறந்திருக்கும். காப்பி எடுத்து, ஃபேட்32-இல் உள்ள ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்திருந்தால் அக்கா அன்றைக்கே பார்த்திருப்பார்.

லேபில் ஒரு போர்டு வேலை செய்யவில்லை என்றால் நாம் என்ன செய்கிறோம்? நல்ல பாகத்தை மாற்றிப் போட்டு, கோளாறு எந்தப் பக்கம் என்று பிரிக்கிறோம். இங்கேயும் அதேதான். கார்டைத் திரும்பக் கேமராவில் போடு. படம் தெரிகிறதா? அப்படியானால் கார்டு நல்லா இருக்கு, பிரச்சினை இந்தப் பக்கம். அதே ஓடிஜி கேபிளில் வேறொரு பென் டிரைவைச் செருகு. அது திறந்தால் டேப்லெட்டும் கேபிளும் சரி. இரண்டே சோதனை. செலவு ஒரு பைசா இல்லை!

பென் டிரைவும் திறக்கவில்லையா? கேபிளைச் சந்தேகப்படு. மைக்ரோ யுஎஸ்பியில் ஐந்து பின் இருப்பது தெரியும். ஓடிஜி கேபிளில் நான்காவது பின் கிரவுண்டோடு சேர்ந்திருக்கும், அதை வைத்துத்தான் "நான் ஹோஸ்ட்" என்று டேப்லெட் தெரிந்துகொள்கிறது. சாதாரண டேட்டா கேபிளில் அந்த இணைப்பு கிடையாது, பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும்! டைப்-சி அடாப்டரில் அதே வேலையை 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் செய்கிறது. சில டேப்லெட்களில் செட்டிங்ஸுக்குள் போய் ஓடிஜியை ஆன் செய்யவும் வேண்டும். சார்ஜ் குறைவாக இருந்தால் ரீடருக்குக் கரண்ட் போதாமலும் போகும்.

ஐபேடில் வேறு கதை. போட்டோஸ் ஆப் கார்டில் டிசிஐஎம் என்ற ஃபோல்டரைத்தான் தேடும். கம்ப்யூட்டரில் படங்களுக்கு "அம்மா வளையல்" என்று அழகாகப் பெயர் மாற்றி, வேறு ஃபோல்டரில் போட்டுக் கொண்டுவந்தால் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிடும். 2019-இல் வந்த ஐபேட்ஓஎஸ் 13 முதல் ஃபைல்ஸ் ஆப் வழியாகத் திறக்கலாம்.

இதையெல்லாம் நான் படித்ததே அந்தச் சம்பவத்துக்கு அப்புறம்தான். படித்ததில் ஒரு ஆறுதலும் கிடைத்தது. சாதாரணமாக ஃபார்மேட் என்றால் பொருளடக்கம்தான் அழிகிறது. பக்கங்கள் அப்படியே இருக்கும், மேலே வேறு எதுவும் எழுதாத வரை. போட்டோரெக் என்ற இலவச மென்பொருள் பொருளடக்கத்தைப் பார்க்காமல், ஒவ்வொரு ஜேபெக் படமும் தொடங்குகிற எஃப்எஃப் டி8 என்ற ஹெக்ஸ் எண்ணைத் தேடிப் படத்தை மீட்கும். மைக்ரோகண்ட்ரோலர் லேபில் ஹெக்ஸ் எதுக்குடா என்று அலுத்துக்கொண்டவன் நான்!

ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். 300 சொச்சம் படம் திரும்பி வந்தது. மீதி வரவில்லை. நான் பெருமைக்காக எடுத்த அந்த ஏழெட்டு டெஸ்ட் படங்கள் சிலவற்றின் மேல் உட்கார்ந்துவிட்டன. வீடியோ இரண்டும் திறக்கவே இல்லை. வீடியோ கார்டில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தால் தலைப்பை வைத்து மட்டும் ஒட்ட முடியாது. அதில் ஒன்றில்தான் அந்த அம்மா மகளுக்கு வளையல் போட்டார்.

"ஃபார்மேட் போட்டா சரியாயிடும் மச்சி" என்பது நம் ஹாஸ்டலில் எல்லா நோய்க்கும் ஒரே மாத்திரை. எனக்கு இப்போது அது பிடிக்கவில்லை. கோளாறைக் கண்டுபிடிக்கத் தெரியாதவன் தெரிந்தவன் மாதிரி காட்டிக்கொள்ளும் வழி அது, வேறொன்றுமில்லை. நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஹாஸ்டல் கம்ப்யூட்டர் அறையில் ஒரு கார்டு ரீடர் வாங்கி வையுங்கள். பெரிய செலவில்லை. யார் கார்டு கொண்டு வந்தாலும் முதல் வேலை காப்பி, மற்றதெல்லாம் அப்புறம்.

இன்னொன்று. எஸ்டி கார்டின் பக்கவாட்டில் ஒரு குட்டி லாக் இருக்கிறதே, அதைக் கீழே தள்ளிவிட்டுச் செருகுங்கள். படிக்க முடியும், அழிக்க முடியாது. கார்டுக்குள் அதற்கு எந்த இணைப்பும் இல்லை, ரீடர்தான் அதைப் பார்த்து மதிக்கிறது. மதிக்காத ரீடரும் உண்டு, உஷார்!

அக்கா இப்போதும் கார்டு கொடுத்தனுப்புகிறார், குழந்தையின் படங்கள். கையில் கொடுப்பதற்கு முன்னால், "லாக் போட்டுட்டேன்டா, நீயும் ஒருதடவை பாத்துக்கோ" என்கிறார்.