இரண்டில் ஒன்று காலி

அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் எந்த மாதம் ஓய்வு பெறுவார் என்பது அவருடைய பணிப்பதிவேட்டின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. பிறந்த தேதியோடு 60 வயதைக் கூட்டினால் போதும். இத்தனை ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த ஒரு நாளுக்கு, இடம் காலியாகி மாதக்கணக்கில் ஆன பிறகும் ஆள் வராதது ஏன் என்றுதான் கேட்கிறேன்.

டி. கல்லுப்பட்டி ஒன்றியத்தில், ராஜபாளையம் சாலையிலிருந்து கரிசல் காட்டுக்குள் தள்ளி இருக்கிற ஓர் ஈராசிரியர் பள்ளிக்கு நான் தலைமை ஆசிரியை. உடன் இருந்த டீச்சருக்குக் கல்வியாண்டின் நடுவில் ஓய்வு வயது வந்தது. பிள்ளைகளின் படிப்பு பாதியில் நிற்கக் கூடாது என்று ஆண்டு முடியும்வரை மறுநியமனம் கொடுத்தார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் ஜூனில் பள்ளி திறந்தபோது அவரும் இல்லை, அவர் இடத்துக்கு யாரும் இல்லை. ஐந்து வகுப்புக்கும் நான் ஒருத்திதான்.

எண்ணும் எழுத்தும் திட்டத்தில் முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறோம். அந்த முறை எனக்குப் பிடிக்கும். ஆனால் அரும்பு நிலையில் இருக்கிற பிள்ளையோடு யாராவது பாயில் உட்கார வேண்டும், அது எழுத்துக் கூட்டி முடிக்கிற வரை எழுந்திருக்கக் கூடாது. நான் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் ஐந்தாம் வகுப்புக்காரன் வகுத்தல் கணக்கோடு வந்து நிற்பான். எழுந்து போய்த் திரும்பினால் சின்னதுக்குச் சேர்த்துவைத்த எழுத்து சிதறிவிடும். குறுவள மையக் கூட்டம், வட்டாரக் கல்வி அலுவலகம் என்று நான் வெளியே போகும் நாளில் பக்கத்து ஊர்ப் பள்ளியிலிருந்து ஒருவரை மாற்றுப்பணியில் அனுப்புகிறார்கள். எங்கள் குழியை மூட அங்கே ஒரு குழி தோண்ட வேண்டியிருக்கிறது.

ஒரே வளாகத்தில் அங்கன்வாடி. அங்கே பணியாளர் இடம் காலி. வேறொரு ஊர் மையத்துப் பணியாளர் கூடுதல் பொறுப்பாக வந்து போகிறார். மற்ற நேரம் உதவியாளரான அக்கா தனியாகச் சமைத்து, ஊட்டி, கழுவிவிட்டு எல்லாம் பார்க்கிறார். அவர் அடுப்பைப் பற்றவைத்ததும் சின்னப் பிள்ளைகள் எங்கள் வராந்தாவுக்கு வந்துவிடும். ஐந்தாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் இடுப்பில் தூக்கிக்கொள்வார்கள். பார்க்கிறவர்கள் பொறுப்பான பிள்ளை என்று பாராட்டிவிட்டுப் போகிறார்கள். எனக்கு ஆற மாட்டேன் என்கிறது. பள்ளியில் ஒரு காலியிடம், அங்கன்வாடியில் ஒரு காலியிடம், இரண்டையும் அந்தப் பத்து வயதுப் பெண் தன் படிப்பைக் கொடுத்து நிரப்புகிறாள். பையன்களை யாரும் இடுப்பில் தூக்கச் சொல்வதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

இருபத்துச் சொச்சம் பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். 2009இல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இருந்தாலும் 2 ஆசிரியர் வேண்டும் என்கிறது. 26ஆம் பிரிவு, ஒரு பள்ளியின் காலியிடம் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. மாநிலத்தையோ மாவட்டத்தையோ மொத்தமாக எடுத்துச் சராசரி பார்க்கச் சொல்லவில்லை, பள்ளிக்குப் பள்ளி பார்க்கச் சொல்கிறது. அப்படிப் பார்த்தால் ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் இல்லை என்பது 50 விழுக்காடு.

ஆள் இல்லாமல் இல்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து, 2013இலேயே தகுதித் தேர்விலும் தேறியவர்கள் மாநிலமெங்கும் இருக்கிறார்கள். 2018இல் அதற்கு மேல் ஒரு போட்டித் தேர்வும் வேண்டும் என்று அரசாணை வந்தது. இடைநிலை ஆசிரியருக்கான அந்தத் தேர்வு 2024 ஜூலை 21இல்தான் நடந்தது. முதலில் அறிவித்த 1,768 இடங்கள் பிறகு 2,768 ஆயின. இதற்குள் ஒருத்தி ஜவுளிக்கடையில் நிற்கிறாள், இன்னொருத்தி ராஜபாளையம் மில் வண்டியில் ஏறுகிறாள். அங்கன்வாடிகளின் கதையும் இதுதான்: மாநிலத்தில் 54,439 மையங்கள், 7,783 இடங்களை நிரப்பப்போவதாக 2025இல் அறிவிப்பு வந்தது. இத்தனை சேரும்வரை ஏன் விட்டார்கள்?

2022இல் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர்களை எடுத்தபோது இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய் என்றார்கள், பிறகு உயர்த்தினார்கள். அப்படி ஒருவர் வந்தாலும் வாசலில் நின்று வரவேற்பேன். ஆனால் கல்வியாண்டு முடிந்ததும் போய்விடுகிற ஒருவரை நம்பி ஒன்றாம் வகுப்புப் பிள்ளையை ஒப்படைக்க முடியாது.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. வரும் ஜூனில் எந்தெந்தப் பள்ளியில், எந்தெந்த அங்கன்வாடியில் இடம் காலியாகும் என்ற பட்டியலை ஜனவரியிலேயே ஊர்ப் பெயரோடு வெளியிடுங்கள். கிராம சபையிலும் வாசியுங்கள். புதிதாக எடுப்பவர்களை முதலில் ஈராசிரியர் பள்ளிகளுக்கு அனுப்புங்கள், மற்றவை பிறகு. இடமாறுதல் கேட்பவரை, பதிலுக்கு ஒருவர் வந்து கையெழுத்திட்ட பிறகு விடுவியுங்கள். கல்லுப்பட்டி, பேரையூர், சேடபட்டி என்று மதுரையின் தெற்கு மேற்கு ஓரத்திலிருந்து தொடங்கலாம். மாறுதல் கேட்டு ஆசிரியர்கள் நகரத்துப் பக்கம் போவது இங்கிருந்துதான்.