கண்ணுக்கு மட்டும் திரை

கலிஃபோர்னியாவின் லாங் பீச் கடற்கரையிலிருந்து பார்த்தால் சற்றுத் தொலைவில் நான்கு சிறு தீவுகள் தெரியும். பனை வகை மரங்கள், அருவிகள், வண்ண அடுக்குமாடிகள் என்று உல்லாச விடுதிகளைப் போலவே இருக்கும். உண்மையில் அவை வில்மிங்டன் எண்ணெய் வயலில் கிணறு தோண்ட 1965இல் எழுப்பிய செயற்கைத் தீவுகள்; அடுக்குமாடிகளுக்குள் நிற்பவை துளையிடும் கோபுரங்கள். டெக்சாகோ, ஹம்பிள், யூனியன், மொபில், ஷெல் ஆகிய ஐந்து நிறுவனங்களின் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்து இவற்றுக்குத் 'தம்ஸ்' என்ற பெயரைத் தந்தன. ஒப்பனையை வடிவமைத்த ஜோசப் லினெஷ், டிஸ்னிலேண்டில் வேலை பார்த்தவர். அழகாக மறைத்துவிட்டால் நகரமும் எண்ணெய்த் தொழிலும் தொல்லையின்றி அருகருகே வாழலாம் என்று வாதிடுவோர் முதலில் காட்டுவது இத்தீவுகளைத்தான்.

மறைத்தது நிறுவனங்களின் நல்லெண்ணம் என்பது இந்த வாதத்தின் ஒரு பகுதி. அது பொருந்தாது. 1962இல் லாங் பீச் வாக்காளர்கள் கடலில் துளையிட அனுமதித்தபோதே, தோற்றத்தைக் கெடுக்கக் கூடாது என்ற கட்டுப்பாடும் உடன் வந்தது. மரங்கள் அனுமதிக்குக் கொடுத்த விலை.

நகரைக் காத்தது மறைப்பே என்பது அடுத்த பகுதி. பெரும்பிழை இதில்தான் இருக்கிறது. லாங் பீச்சை அச்சுறுத்தியது கோபுரங்களின் அவலட்சணம் அல்ல, தரை இறங்கியதுதான். எண்ணெயை உறிஞ்ச உறிஞ்ச அடிப்பாறையின் அழுத்தம் குறைந்து, துறைமுகப் பகுதி சில இடங்களில் சுமார் 29 அடி தாழ்ந்தது. கப்பல் துறைகளும் பாலங்களும் சேதமடைந்தன. கடல் புகாமல் கரையை உயர்த்த வேண்டியிருந்தது. தரை இறங்குவதை நிறுத்தியது, எடுத்த எண்ணெயின் இடத்தில் நீரைச் செலுத்தும் முறை. 1958இல் மாநிலம் இதற்கெனச் சட்டமே இயற்றியது. தீவுகளிலும் இன்றுவரை நீர் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. அருவியை நிறுத்தினால் காட்சிதான் குறையும்; அந்த நீரேற்றத்தை நிறுத்தினால் தரை மறுபடி இறங்கத் தொடங்கும்.

கோபுரங்களைச் சுற்றிய உறைகள் ஓசையைக் குறைக்கின்றன என்பது உண்மை. ஆனால் அது ஒலித்தடுப்புப் பொருளின் வேலை. ஒப்பனைக்கு அதில் பங்கில்லை.

மறைத்தால் எவருக்கும் கேடில்லை என்பதற்கு லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரமே மறுப்பு. அங்கே கார்டிஃப் எண்ணெய்க் கோபுரம் யூதத் தொழுகைக்கூடம் போல நிற்கிறது. வழிப்போக்கருக்கு உள்ளே கிணறுகள் இருப்பது தெரியாது. பெவர்லி ஹில்ஸ் உயர்நிலைப் பள்ளி வளாகத்துக் கோபுரத்தை, நோயுற்ற குழந்தைகள் வரைந்த பூக்கள் போர்த்தியிருந்தன. அங்கிருந்த கிணறுகளை நடத்திய நிறுவனம் 2017இல் திவாலானபோது, அவற்றை அடைக்கும் பொறுப்பு நகராட்சியின் தலையிலும் பள்ளி நிர்வாகத்தின் தலையிலும் விழுந்தது.

கலிஃபோர்னியா 2022இல் இயற்றி 2024இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த சட்டம், வீடுகள், பள்ளிகள், மருத்துவமனைகளிலிருந்து 3,200 அடிக்குள் புதிய கிணறுகளைத் தடுக்கிறது. அந்தத் தூரத்துக்குள் கோபுரத்துக்கு எந்த உறை போட்டாலும் விலக்குக் கிடையாது.