பாறையடியில் ஒரு ராத்திரி

சீன தேசத்துப் பெரிய நகரங்களில் இரவு வந்ததும், வாலிபர்களும் யுவதிகளும் சின்னச் சின்னக் கூடங்களில் நெருக்கியடித்து நின்றுகொண்டு 'ராக்' என்னும் சங்கீதத்தைக் கேட்கிறார்கள். 1986-ம் வருஷம் பீகிங்கில் சுய் ஜியான் என்ற பாடகர் கிதாரும் கையுமாக மேடை ஏறிப் பாடியதைத்தான் அந்நாட்டில் இதற்கு ஆரம்பமாகச் சொல்வது வழக்கம். 'ராக்' என்ற பதத்துக்குப் பாறை என்றும் பொருள் உண்டு. திண்டுக்கல்லில் தண்ணீருக்குப் பஞ்சம் வந்ததுண்டு. பாறைக்கு மட்டும் என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை. எங்கள் பாறையின் அடிவாரத்திலும் ராத்திரிச் சங்கீதம் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத உத்தேசம்.

மாசி மாதத்தில் கோட்டை மாரியம்மன் திருவிழா வந்துவிட்டால், இரும்புப் பூட்டுக்குப் பெயர்போன இவ்வூரில் வீட்டுக் கதவுகள் பூட்டப்படும் நேரமே மாறிப் போய்விடும். சுற்றுவட்டாரக் கிராமங்களிலோ பங்குனி, சித்திரை முழுவதும் இதே கதைதான். அப்போது கேட்க வேண்டியது நையாண்டி மேளம். நாகஸ்வரமும் தவிலும் கலியாண மேளத்தில் உள்ளவையே. ஆனால் இங்கே அவற்றோடு பம்பையும், தமுக்கும், உறுமியும் சேர்ந்துகொள்ளும். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்துத் தேய்த்து உறுமியில் எழுப்பும் அந்த முனகல் இருக்கிறதே, அது காதில் விழுவதற்கு முன்னால் வயிற்றில் விழுந்துவிடும்! தவில்காரரும் பம்பைக்காரரும் ஒருவரை ஒருவர் சீண்டி, கேள்வி போட்டுப் பதில் வாங்கி, காலத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். நடுவே கரகம் ஏந்தி ஆடுகிறவள் தலையில் அலங்கரித்த குடம். அதன் உச்சியில் ஒரு கிளி. குனிந்தாலும் சுழன்றாலும் கிளி அசையாமல் உட்கார்ந்திருக்கும். இதற்கு ஈடாக எந்தக் கூடத்தில் என்ன காட்டுகிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

இந்த மேளத்துக்கு இப்போது இரண்டு பக்கமும் நெருக்கடி.

ஒரு பக்கம் கடிகாரம். 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கி கூடாது. 2010-ல் செய்த திருத்தத்தினால் வாத்தியங்களும் இதில் சேர்ந்துகொண்டன. விழாக் காலங்களில் வருஷத்துக்குப் பதினைந்து நாளுக்கு மேற்படாமல் நள்ளிரவு வரை சர்க்கார் அனுமதி தரலாம். மூடிய கூடங்களுக்கு மட்டும் விதிவிலக்கு. ஆகவே பட்டணத்து நட்சத்திர ஓட்டலில் நாலு சுவருக்குள் விடிய விடிய முழங்கலாம்; மாரியம்மன் தெருவில் பத்து மணிக்குத் தவிலை உறையில் போட வேண்டியதுதான். மூடிய கூடம் கட்டிக்கொள்ள நம் தெருவுக்கு ஏது பணம்?

இதற்காக விதியைத் திட்டிவிட என்னால் முடியவில்லை. மாசி, பங்குனி என்றால் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொதுப் பரீட்சைக் காலம். கம்பத்துக்குக் கம்பம் குழாய் கட்டி அலறவிட்டால் நோயாளியும் கைக்குழந்தையும் எங்கே போவார்கள்? மேளத்தை மேளமாகக் கேட்டால் ஒரு தெருவுக்குக் கேட்கும். குழாயில் கேட்டால் மூன்று ஊருக்குக் கேட்கும்.

மற்றொரு பக்கம் 'ஆடல் பாடல்' என்ற பெயரில் வந்த சினிமாப் பாட்டுக் கூத்து. இதற்குப் போலீஸ் அனுமதி கேட்டு மதுரை உயர்நீதிமன்றக் கிளையில் வழக்குப் போடுவது ஒரு வருஷாந்திரச் சடங்காகவே ஆகிவிட்டது. ஆபாசம் கூடாது, ஜாதியைத் தூண்டும் பாட்டுக் கூடாது என்று நீதிபதிகள் நிபந்தனை விதிக்க வேண்டியிருக்கிறது. பாட்டுக்குப் பெயர்போன நாட்டில் இதை நீதிமன்றம் சொல்லித் தெரிந்துகொள்ளும்படி ஆயிற்று! குறவன் குறத்தி ஆட்டம் என்று ஒரு சமூகத்தையே கேலிப் பொருளாக்கியதை 2023-ல் சர்க்கார் தடை செய்தது, செய்ய வேண்டியதுதான். ஆயினும் மேடை ஏறுகிற பெண்ணைக் குறை சொல்லுகிறவர்கள், கீழே உட்கார்ந்து "இன்னொரு தடவை!" என்று கூவுகிறவரை ஏனோ விட்டுவிடுகிறார்கள்.

இந்தக் கலைஞர்களின் வருஷம் தை முதல் ஆடி வரைதான். மற்ற மாதங்களில் கிடைத்த கூலி வேலை. 2020-ம் வருஷம் மார்ச்சு மாதம் 25-ந் தேதி தேசம் முழுவதும் ஊரடங்கு வந்தது, சரியாகப் பங்குனியில். அடுத்த வருஷமும் சித்திரையோடு கதவு மறுபடி சாத்திற்று. இரண்டு பருவம் தொடர்ந்து தவறினால், தவிலை விற்று ஆட்டோ வாங்குகிறவனை யார் தடுக்க முடியும்?

விழாக் கமிட்டியார்களுக்கு ஒரு விண்ணப்பம். அந்தி சாய்ந்ததும் பொன்னாடை போர்த்துவதற்கும், பிரமுகர் பேச்சுக்கும், அப்புறம் சினிமாப் பாட்டுக்கும் மூன்று மணி நேரம் கொடுத்துவிட்டு, ஒன்பதரை மணிக்கு மேளக்காரரைக் கூப்பிடுகிறீர்களே, இது என்ன நியாயம்? ஏழு மணிக்கு மேளம் துவங்கட்டும். குழாய் வேண்டாம். பொன்னாடைகளை மறுநாள் வெயிலில் போர்த்திக்கொள்ளலாம்.

வருகிற மாசியில் எந்தத் தெரு இப்படிச் செய்கிறதோ, அந்தத் தெருவில் எனக்கு ஒரு திண்ணையில் இடம் ஒதுக்கிவைக்கக் கோருகிறேன்; பம்பைக்காரர் முகம் தெரிகிற திண்ணையாக இருந்தால் விசேஷம்.