பூட்டுக்கும் குளிரும்!

பி.காம். படித்தவனுக்கு வரவு செலவு தெரியும், பூட்டு தெரியாது. இதை நான் ஏற்காட்டில்தான் தெரிந்துகொண்டேன், சார்!

போன டிசம்பரில், அங்கே தனியாக இருக்கும் சித்தியைப் பார்க்கப் போயிருந்தேன். அடுப்படி ஆணியில் ஒரு திண்டுக்கல் பூட்டு தொங்கியது. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பரம்பரையாக்கும்! ஆனால், சாவி முரண்டு பிடித்தது. தலைக்குத் தேய்க்கிற தேங்காய் எண்ணெயை நாலு சொட்டு விட்டேன். சாவி வழுக்கிக்கொண்டு சுழன்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அன்று ராத்திரி சித்திக்கு நெருப்பாய்க் காய்ச்சல். தூங்கட்டும் என்று வெளியே பூட்டை அமுக்கிவிட்டு மாத்திரை வாங்க ஓடினேன். நல்ல மூடுபனி. திரும்பி வந்து சாவியைப் போட்டால், ஊஹூம்!

உள்ளே சித்தி இருமுகிறார். "கொல்லைக் கதவைத் திற சித்தி!" என்று கத்தினேன். தள்ளாடி வந்து தாழ்ப்பாளை எடுத்தார். ஈரத்தில் மரம் ஊதி, கதவு நிலையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தோளால் இடித்தேன். தோள்தான் வீங்கியது.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுத் தச்சர் மெழுகுவர்த்தியோடு வந்தார். பூட்டை மோந்து பார்த்தார்.

"தேங்கா எண்ணெய் விட்டீங்களா தம்பி?"

சாவியைத் துணியால் பிடித்துச் சூடு காட்டி, நாலைந்து தரம் விட்டு எடுத்தார். 'டிக்!' எனக்கு உயிர் வந்தது.

விஷயம் இதுதான். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைய ஆரம்பிக்கும். அடுப்படியில் உருகி இருந்தது, பனியில் மெழுகாகிவிட்டது. கீழே சேலத்து வெயிலில் உறையாது. ஆனால் தூசியைச் சேர்த்துக் களியாக்கும். கடலோரத்திலோ உப்புக் காற்று இரும்பைத் தின்னும்.

தச்சர் சொன்ன வைத்தியம்: மண்ணெண்ணெய் விட்டு அழுக்கைக் கழுவுங்கள். நன்றாகக் காய்ந்ததும் பென்சில் கரியைப் பொடி பண்ணிச் சாவியில் தடவி உள்ளே விடுங்கள். குளிரில் உறையாது, தூசியும் ஒட்டாது. மழைக்காலத்தில் கதவு இறுகினால் பூட்டைத் திட்டாதீர்கள். வெயில் காலம் வந்து மரம் காய்ந்ததும் இழைத்துவிடுங்கள்.

மாத்திரையை விழுங்கிவிட்டுச் சித்தி சொன்னார்: "பூட்டு நல்ல பூட்டுதாண்டா. திருடனை வெளிய நிறுத்தும். நீ என்னை உள்ள வெச்சுப் பூட்டினியே, அதுக்கு எந்த எண்ணெய் விடறது?"

பதில் இல்லை. வீட்டுக்குள் ஆள் இருந்தால், இப்போதெல்லாம் நான் வெளியே பூட்டுவதே இல்லை.