பீரோவின் மேல்தட்டு யாருக்கு?



ரயில்வேயில் 37 ஆண்டுகள் பணிமனை, ஷெட் என்று கிரீஸ் கையோடு திரிந்தவன் பீரோ அடுக்குவதைப் பற்றி எழுத வந்துவிட்டானே என்று நம் சங்கத்துச் சகோதரிகள் சிரிக்கலாம். சிரிக்கட்டும். இந்த வேலையில் ஒருமுறை தோற்றுப் போனவன் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

அம்பாசமுத்திரத்துப் பக்கம் எங்கள் வீட்டில் பரண் இருந்தது, அரங்கு இருந்தது. பழைய பாய் முதல் பித்தளை அண்டா வரை எல்லாம் அங்கே போய்ச் சேரும். பிழைக்க வந்த இடத்தில் நமக்கு வாய்த்ததோ பத்துக்குப் பத்து படுக்கையறையும், ஆறரை அடி உயரத்தில் ஓர் இரும்பு பீரோவும். நாலு பேர் துணி, பட்டுப்புடவை, பத்திரம், சான்றிதழ், கல்யாண ஆல்பம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

கனமானது கீழே, லேசானது மேலே என்பது பணிமனைப் பாலபாடம். கல்யாண் குவார்ட்டர்ஸில் நான் அப்படியேதான் அடுக்கினேன். காகிதக் கட்டுகள் கனம் என்று அடித்தட்டில். கம்பளிகள் லேசு என்று மேல்தட்டில். "என்னங்க, இது தரைத்தளம். சர்டிபிகேட்டை எல்லாம் மேல வச்சிரலாமே" என்றாள் என் மனைவி. "இஞ்சினியருக்கே பாடமா?" என்று கேட்டு வாயை அடைத்துவிட்டேன்.

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. கல்யாண் பக்கம் உல்லாஸ் ஆறு பெருகியது. எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். வேலைக்குப் போன இடத்திலேயே மாட்டிக்கொண்ட நான் மறுநாள் மாலைதான் வீடு வந்தேன். என் டிப்ளமோ, மகளின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், ஊர் நிலத்தின் பத்திரம், என் தகப்பனார் எழுதிய கடிதங்கள் எல்லாம் கூழாகிக் கிடந்தன. கம்பளிகள் மட்டும் மேலே சொகுசாகக் காய்ந்திருந்தன.

டிப்ளமோவுக்கு நகல் வாங்கச் சென்னைக்கு இரண்டு நடை. பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைத்தது. அப்பாவின் கடிதங்களுக்கு எந்த அலுவலகத்தில் போய் மனுக் கொடுப்பது? என் மனைவி அன்று ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஆகவே என் கருத்து இதுதான். பீரோ அடுக்கும்போது நாம் சாமானின் அளவைப் பார்க்கிறோம், கனத்தைப் பார்க்கிறோம். அதற்கெல்லாம் முன்னால் "இது போனால் திரும்பக் கிடைக்குமா?" என்று கேட்க வேண்டும். கிடைக்காது என்றால் அதற்குத்தான் மேல்தட்டு. நாலு கிலோ காகிதத்தால் பீரோ சாய்ந்துவிடாது. போர்வை நனைந்தால் காயப் போடலாம், இல்லையென்றால் வேறு வாங்கலாம்.

இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்து பாருங்கள். பீரோவில் உள்ளதை எல்லாம் கட்டிலில் கொட்டி மூன்று குவியலாகப் பிரியுங்கள். அன்றாடம் உடுத்துவது ஒன்று. எப்போதாவது எடுப்பது ஒன்று. போனால் வராதது ஒன்று. அன்றாடத் துணிக்கு இடுப்பு முதல் கண் உயரம் வரை உள்ள தட்டுகள். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், சின்னதாக மடித்து, ஆபீஸில் கோப்புகளை நிறுத்துவதுபோல் செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியில் நிறுத்தி வையுங்கள். ஒன்றை உருவினால் மற்றவை சரியாது. புடவை, ரவிக்கை, உள்பாவாடை மூன்றையும் ஒரே துணிப்பையில் போட்டுவிட்டால் அவசரத்தில் தேட வேண்டாம். பீரோக் கதவின் உள்பக்கம் காந்தக் கொக்கிகள் மாட்டினால் பெல்ட், பை, சாவி எல்லாம் அங்கே தொங்கும். உபரிப் போர்வைகளைத் தலையணை உறைக்குள் திணித்தால் திண்டு ஆகிவிடும்.

பட்டை வருடம் முழுக்க ஒரே மடிப்பில் வைக்காதீர்கள். மடித்த இடத்தில் இழை விட்டுப்போகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றிப் பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். அந்துருண்டை ஜரிகையில் படக்கூடாது, கறுத்துவிடும். வசம்பைத் துணியில் முடிந்து போட்டால் போதும். பீரோவைச் சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் தள்ளி வைத்தால் மழைக்கால ஈரம் ஏறாது.

ரயில்வே ஸ்டோரில் இரண்டு ஆண்டு வெளியே போகாத சாமானை உபரி என்று தனியே கணக்கெடுப்பார்கள். நானும் அந்தக் கணக்கை வீட்டில் கொண்டுவந்தேன். "அப்படின்னா என் முகூர்த்தப் பட்டும் உபரியா? அதைக் கட்டி பதினஞ்சு வருஷம் ஆச்சு" என்றாள் மனைவி. அப்போதுதான் விபத்து நிவாரண ரயில் நினைவுக்கு வந்தது. மாதக்கணக்கில் சும்மா நிற்கும். ஆனால் யாரும் அதை உபரி என்று சொல்வதில்லை. அதற்கென்று ஒரு லைன் எப்போதும் காலியாக இருக்கும். அதுபோல முகூர்த்தப் பட்டும் இப்போது மேல்தட்டில்தான், பத்திரங்களுக்குப் பக்கத்தில். இறுகிப்போன என் பழைய பேன்ட்டுகள் ஏழும்தான் உபரியாக வெளியே போயின.

எல்லாம் இப்போது டிஜிலாக்கரில் இருக்கிறதே என்பான் என் மகன். மதிப்பெண் பட்டியல் இருக்கலாம். தாத்தாவின் கையெழுத்து அதில் இல்லை.

கடைசியாக ஒன்று. எந்தத் தட்டில் என்ன என்று ஒரு சீட்டில் எழுதிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். வீட்டில் ஒருவருக்கு மட்டுமே தெரிந்த அடுக்கு, அவர் ஊருக்குப் போன அன்றே குலைந்துவிடும். இது பெண்கள் காரியம் என்று ஆண்கள் ஒதுங்க வேண்டாம். அவர்கள் சொல்லும்போது காது கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது. ஜூன் மாத மழைக்கு முன்னால் அந்த அடித்தட்டைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள்.